கோல் மழைக்கு ஒரு குடை!

உங்கள் காலேஜ் ஹாக்கி டீம் தட்டுத் தடுமாறி செமி ஃபைனலுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லீக்கில் ஒரு வெற்றி, ஒரு டிரா, மிச்சம் எல்லாம் அம்மன் புண்ணியம். எதிரில் வரும் டீமோ மூணே மேட்ச்சில் 19 கோல் போட்டிருக்கிறது. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு பேரைச் சொன்னாலே உங்கள் கோல் கீப்பருக்கு லேசாக ஜுரம் அடிக்கிறது. காலையில் மேட்ச். ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் வட்டமாக உட்கார்ந்து என்ன பேசுவீர்கள்?

என்ன பேசுவீங்கன்னு எங்களுக்குத் தெரியும் பாஸ். ஏன்னா, இந்தப் பேச்சை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கும் ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கோவில்பட்டி! திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறினால் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 1986-ல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை நம்ம ஜில்லாவேதான். கரிசல் மண், தீப்பெட்டி, கடலை மிட்டாய், அப்புறம் ஹாக்கி. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் பைப்பில் ஏறி அந்த ஊருக்குப் போகிறது. பதிலுக்கு ஹாக்கிப் பைத்தியம் அங்கிருந்து இறங்கி பாளையங்கோட்டைக்கு வருகிறது. நல்ல பண்டமாற்று!

கிருஷ்ணா நகர் செயற்கை இழை மைதானத்தில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது கேலரியில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். ரயில்வே, ராணுவம், வங்கி என்று வடக்கேயிருந்து வந்து இறங்குகிற டீம்களைப் பார்த்து, லுங்கியை மடித்துக் கட்டிய பெரியவரும் ப்ளஸ் டூ படிக்கிற பொடியனும் சரிக்குச் சரி மல்லுக்கட்டுவார்கள். 2021-லும் 2022-லும் தேசிய ஜூனியர் ஆண்கள் சாம்பியன்ஷிப்பே இந்த ஊருக்கு வந்தது. அரசாங்கத்தின் சிறப்பு ஹாக்கி விடுதியும் இங்கேதான். மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பிள்ளை. அரியலூர்க்காரரான செல்வம் கார்த்தி, ஸ்டிக் பிடித்துத் தேறியது இந்த ஊர் விடுதியில். ரெண்டு பேருமே இந்தியாவுக்கு ஆடியவர்கள்.

அந்தக் கேலரியில் "கோல் மழை டீமை எப்படி மடக்குறது?" என்று பேச்சு கிளம்பினால் உடனே மூன்று கட்சி பிறந்துவிடும்.

முதல் கட்சி: "அவன் அஞ்சு போட்டா நாம ஆறு போடணும்லே. பயந்து பின்னால போனா முடிஞ்சுது சோலி!"

இரண்டாம் கட்சி: "சும்மா கெடல. பத்து பேரும் சர்க்கிளுக்குள்ள வந்து சுவரு மாதிரி நில்லு. ஜீரோ ஜீரோ. ஷூட் அவுட்டுக்கு இழு. அங்கன பாத்துக்கிடலாம்."

மூன்றாம் கட்சி: "அந்த ஒம்பதாம் நம்பர்காரன் இருக்கான்லா, அவன் பின்னாலயே ஒருத்தன விடு. தண்ணி குடிக்கப் போனாலும் கூடப் போகச் சொல்லு!"

இவர்களுக்கு நடுவே ஓர் அண்ணாச்சி இருப்பார். எல்லா கேலரியிலும் இருப்பார். கடைசி வரை வாயே திறக்காமல் கடலை மிட்டாயைக் கொறித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எல்லாஞ் சரி... அந்தப் பத்தொம்பதும் எப்படி விழுந்துச்சு?"

கேள்வின்னா இதான் கேள்வி! இதற்குப் பதில் தெரியாமல் போடும் எந்தத் திட்டமும் மொட்டை மாடியோடு காற்றில் போய்விடும்.

யாருக்கு எதிரா அடிச்சது?

முதலில் அந்த 19-ஐப் பிரிப்போம். மூன்று மேட்ச்சும் சமமா? ஒரு மேட்ச்சில் மட்டும் 13 போட்டிருந்தால்?

சமீபத்திய உதாரணம், அதுவும் நம்ம மண்ணிலேயே. 2025 நவம்பர் - டிசம்பரில் ஜூனியர் ஆண்கள் உலகக்கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. நெல்லையிலிருந்து காலையில் ரயில் ஏறி மதுரையில் உலகக்கோப்பை ஹாக்கி பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம் என்கிற பாக்கியம் அதற்கு முன்னால் யாருக்கும் வாய்த்ததில்லை. லீக்கில் இந்தியா ஆடிய ஆட்டம் இருக்கிறதே... சிலிக்கு 7, ஓமனுக்கு 17, சுவிட்சர்லாந்துக்கு 5. மூன்று மேட்ச்சில் 29 கோல். வாங்கியது பூஜ்யம்!

அதாவது, ஊரே பயப்படுகிற அந்த 'கோல் மெஷின்' டீம் அப்போது நாம்தான்.

நாக் அவுட் வந்தது. கால் இறுதியில் பெல்ஜியத்தோடு 2–2. கோல் கீப்பர் பிரின்ஸ் தீப் சிங் புண்ணியத்தில் ஷூட் அவுட்டில் 4–3 என்று தப்பித்தோம். அரை இறுதியில் ஜெர்மனி. பாதி ஆட்டத்திலேயே 3–0. முடிவில் 5–1 தோல்வி. அந்த 29 கோலில் ஒன்றைக்கூட சென்னை மைதானத்துக்குள் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. லீக்கில் போட்ட கோலுக்கு நாக் அவுட்டில் வட்டி கிடையாது மக்கா!

சில சமயம் அந்தப் பெரிய நம்பரே கணக்குக்காகப் போடுகிற நம்பராகவும் இருக்கும். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்தோனேசியாவை இந்தியா குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று, இல்லாவிட்டால் பாகிஸ்தான் போய்விடும் என்ற நிலை. நம்ம பசங்க 16–0 போட்டார்கள். கார்த்தியும் மாரீஸ்வரனும் அந்த டீமில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், கோல் வித்தியாசத்தால் உள்ளே போன அதே டீம், அடுத்த சுற்றில் கொரியாவோடு 4–4 டிரா செய்து, கோல் வித்தியாசத்தாலேயே ஃபைனலைக் கோட்டை விட்டது. அந்த நாலில் ஒரு கோல் மாரீஸ்வரனோடது. கடைசியில் ஜப்பானை 1–0 ஜெயித்து வெண்கலம். 16–0-ஐப் பார்த்து யாராவது "இவனுவளை அசைக்க முடியாது" என்று அன்றைக்கு நினைத்திருந்தால், பாவம்.

ஆக, எதிரி டீமின் ஸ்கோர் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். பலமான டீமுக்கு எதிராக எத்தனை போட்டார்கள் என்பதை மட்டும் பாருங்கள். மிச்சத்தை விட்டுத் தள்ளுங்கள்.

எங்கிருந்து அடிச்சது?

இனி அண்ணாச்சி கேட்ட கேள்வியின் அடுத்த பாதி. கால்பந்து மாதிரி முப்பது கஜத்திலிருந்து ஒரு வெடி வைத்து வலையைக் கிழிக்கும் வேலை ஹாக்கியில் நடக்காது. கோல் கம்பத்திலிருந்து 14.63 மீட்டர், அதாவது 16 கஜத்தில் வளைத்துப் போட்ட சர்க்கிள் இருக்கிறதே, அதற்குள் தாக்குகிற டீமின் ஸ்டிக் பட்டால்தான் பந்து கோலாகும். அந்தக் கோட்டுக்கு வெளியே ஒருத்தன் எவ்வளவு வித்தை காட்டினாலும் ஸ்கோர் போர்டு அசையாது. ஆகவே ஒரு டீம் நிறைய கோல் போடுகிறது என்றால், அது நிறைய தடவை சர்க்கிளுக்குள் வருகிறது. அல்லது வந்ததும் எதையாவது பிடுங்கிக்கொள்கிறது.

பிடுங்கிக்கொள்வது என்றால்? பெனால்டி கார்னர்!

சர்க்கிளுக்குள் நம்ம பேக் காலில் பந்து பட்டால் கார்னர். வேண்டுமென்றே பந்தை பின் கோட்டுக்கு வெளியே தள்ளினால் கார்னர். சர்க்கிளுக்கு வெளியே, ஆனால் நம்ம 23 மீட்டர் கோட்டுக்குள்ளே வேண்டுமென்றே ஃபவுல் செய்தாலும் கார்னர். விசில் ஊதியதும் கோல் கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மிச்ச ஆறு பேர் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பதினோரு பேருக்கு பதினோரு பேர் என்றிருந்த ஆட்டம் ஒரே நொடியில் ஐந்து பேர் ஆட்டமாகிவிடுகிறது. பெரிய டீம்கள் இதற்காகவே ஒரு டிராக் ஃபிளிக்கரைச் சோறு போட்டு வளர்க்கின்றன. முதல் ஷாட்டை அடித்தால் பந்து 460 மில்லிமீட்டர், அதாவது கோல் பலகை உயரத்துக்கு மேல் போகக்கூடாது. ஆனால் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த மூலைக்கு வேண்டுமானாலும் ஏவலாம்.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டாம் கட்சியின், அதாவது 'சுவர்' கட்சியின் ஓட்டை தெரிந்துவிடும். பத்து பேரும் சர்க்கிளுக்குள் வந்து நின்றால் உள்ளே இருபது கால் இருக்கிறது பாஸ்! எதிரி கோலுக்கு அடிக்கவே தேவையில்லை. ஏதோ ஒரு காலைப் பார்த்து பந்தைத் தட்டினால் போதும். கார்னர். மறுபடி தட்டு. மறுபடி கார்னர். சுவர் எழுப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டு எதிரிக்குக் கார்னர் கடை திறந்து கொடுக்கிறோம்.

நம்பிக்கை இல்லையா? டோக்கியோவுக்கு வாங்க. அடுத்தடுத்த இரண்டு நாள். ஒரே ஒலிம்பிக், ஒரே மைதானம். ஒரு நாள் எப்படி ஜெயிப்பது, மறுநாள் எப்படித் தோற்பது என்று பாடம் நடத்தியதே நம்ம இந்திய டீம்கள்தான்.

ஆகஸ்ட் 2, ஆகஸ்ட் 3

2021 ஆகஸ்ட் 2. பெண்கள் கால் இறுதி. எதிரில் ஆஸ்திரேலியா. லீக்கில் ஐந்து மேட்ச், ஐந்திலும் வெற்றி. 13 கோல் போட்டு ஒன்றே ஒன்று வாங்கிய டீம். நம்ம பெண்கள்? முதல் மூன்று மேட்ச்சில் நெதர்லாந்திடம் 1–5, ஜெர்மனியிடம் 0–2, பிரிட்டனிடம் 1–4. அப்புறம் அயர்லாந்தை 1–0, தென்னாப்பிரிக்காவை 4–3 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தார்கள். அதுவும் போதாமல், பிரிட்டன் அயர்லாந்தை ஜெயித்துக் கொடுத்ததால் நாலாவது இடம் பிடித்து உள்ளே வந்தவர்கள். மேலே சொன்னேனே, ஒரு வெற்றி, ஒரு டிரா, அம்மன் புண்ணியம்... அதேதான்.

22-வது நிமிடம். இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர். அந்த மேட்ச் முழுக்கக் கிடைத்ததே அந்த ஒன்றுதான். குர்ஜித் கவுர் அதை கோலாக்கினார். 1–0. மிச்சம் 38 நிமிடம் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு மொத்தம் 7 கார்னர் கிடைத்தது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கோல் கீப்பர் சவிதா முன்னால் வந்து வந்து மறித்தார். கோட்டிலிருந்து புயலாகப் பாய்ந்த பெண்கள் ஃபிளிக்கருக்கு நிதானிக்க நேரமே கொடுக்கவில்லை. ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கியில் இந்தியா அரை இறுதிக்குப் போனது சரித்திரம். ஆனால் நமக்கு இங்கே வேண்டியது சரித்திரம் இல்லை. அந்த 7 என்ற நம்பர்.

மறுநாள், ஆகஸ்ட் 3. ஆண்கள் அரை இறுதி. எதிரில் உலக சாம்பியன் பெல்ஜியம். இரண்டாவது நிமிடமே கோல் வாங்கினாலும் ஹர்மன்ப்ரீத் சிங்கும் மன்தீப் சிங்கும் அடுத்தடுத்து போட்டு 2–1 முன்னிலை. மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது 2–2. யாரும் ஜெயிக்கலாம் என்ற நிலை. ஆனால் உள்ளே ஒரு கரையான் அரித்துக்கொண்டிருந்தது. பெல்ஜியம் ஓபன் ப்ளேயில் கோலுக்கு அலையவே இல்லை. சர்க்கிளுக்குள் வந்து காலைத் தேடிக்கொண்டிருந்தது. கார்னர், கார்னர், மறுபடி கார்னர். மொத்தம் 14! கடைசி குவார்ட்டரில் அலெக்ஸாண்டர் ஹெண்ட்ரிக்ஸ் ஒரு கார்னரையும் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்கையும் கோலாக்கி ஹாட்ரிக் முடித்தார். கடைசி நிமிடத்தில் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷை வெளியே எடுத்துவிட்டு ஆடியபோது காலி கோலில் இன்னொன்று. 5–2.

ஏழு கார்னரைத் தடுத்துவிடலாம். கஷ்டம்தான், ஆனால் முடியும். பதினாலைத் தடுக்க முடியாது. எந்த நாட்டு கோல் கீப்பராலும் முடியாது. என்னைக் கேட்டால், "எப்படித் தடுப்பது" என்று விடிய விடியப் பேசுவதைவிட "எத்தனை கொடுப்பது" என்று பேசுவதே உருப்படியான விவாதம்.

கார்னரே கொடுக்காமல் எப்படித் தடுப்பது? சண்டையைச் சர்க்கிளுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போக வேண்டும். எதிரியின் ஹாஃப் பேக் பந்தை எடுத்து நிமிர்ந்து பார்க்கும்போதே ஒருத்தர் முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். நடு வழியை அடைத்து அவர்களை சைடு லைன் பக்கம் விரட்ட வேண்டும். ஓரத்தில் கோடும் நமக்கு ஒரு டிஃபெண்டர்தான்! மீறி சர்க்கிளுக்குள் வந்துவிட்டால் படுத்து டாக்கிள் செய்யும் வீரமெல்லாம் வேண்டாம். காலை நகர்த்தி, ஸ்டிக்கை மட்டும் கீழே போட்டு, கூடவே ஓடி, ஆங்கிளைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. கோபத்தில் ஒரு பச்சை அட்டை வாங்கினால் இரண்டு நிமிடம் ஆள் குறையும். கோல் மழை டீமுக்கு அந்த இரண்டு நிமிடமே தாராளம்.

கார்னர் கொடுத்தேதான் ஆகவேண்டும் என்றால் பாய்ந்து போகிறவர் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் "நீ போ, நான் போறேன்" என்று இழுபறி கூடாது. அப்புறம், இது ரொம்ப முக்கியம்: முக மாஸ்க், கையுறை, முழங்கால் பேடு இல்லாமல் யாரையும் ஃபிளிக்குக்கு எதிரே ஓடவிடாதீர்கள். உங்கள் காலேஜ் கிட் பையில் மாஸ்க் இல்லையென்றால் பி.டி. சாரிடம் இன்றைக்கே கேளுங்கள். கப் அடுத்த வருஷமும் வரும், கண் வராது.

முதல் கட்சிக்கு ஒரு சான்ஸ்

"அப்போ அடிச்சு ஆடுறதே தப்பா?" என்று முதல் கட்சி கொதிக்கும். இல்லவே இல்லை. அவர்கள் பக்கமும் பலமான சாட்சி இருக்கிறது. அதுவும் அதே ஆஸ்திரேலியா, இந்தமுறை ஆண்கள்.

2010 டெல்லி காமன்வெல்த் ஃபைனல்: 8–0 அடி. 2021 டோக்கியோ லீக்: 7–1 அடி. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் ஃபைனல்: 7–0 அடி. இந்த மூன்றையும் ஒரு பேப்பரில் எழுதி எதிரே வைத்தால் சோறு இறங்குமா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே ஆஸ்திரேலியா. லீக் மேட்ச்தான், ஆனால் பழைய கணக்கு எக்கச்சக்கம். 12-வது நிமிடம் அபிஷேக் ஒன்று. 13-வது நிமிடம் ஹர்மன்ப்ரீத் கார்னரில் ஒன்று. ஆஸ்திரேலியா யோசிக்க ஆரம்பிப்பதற்குள் 2–0. முடிவு 3–2. ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை இந்தியா ஜெயித்தது 1972 மியூனிக்கிற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 52 வருஷம்!

துரத்திப் பழகாத டீமைத் துரத்த வைத்தால் அவர்கள் ஆட்டமே மாறிவிடும். எல்லோரும் முன்னால் வருவார்கள், பின்னால் இடம் காலியாகும். ஹாக்கியில் ஆஃப்சைடு கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். வேகமான ஒரு ஃபார்வர்டை மேலேயே நிறுத்தி வைத்தால் அவர்கள் பேக் இரண்டு பேராவது பயந்து பின்னாலேயே நிற்பார்கள். ஒருத்தரை மேலே விட்டு இரண்டு பேரைக் கட்டிப்போடுவது லாபமான வியாபாரம் இல்லையா?

மூன்றாம் கட்சியான 'ஒம்பதாம் நம்பர்' கட்சிக்கு ரொம்ப நேரம் ஒதுக்க வேண்டாம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் ஃபைனலில் ஸ்பெயினின் ஹுவான் அமாத் தனி ஆளாக மூன்று கோல் போட்டார். ஆனாலும் தங்கம் நம்ம வி. பாஸ்கரன் தலைமையிலான இந்தியாவுக்கு, 4–3. அவங்க ஸ்டார் அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும். அவருக்குப் பந்து கொண்டு வந்து கொடுக்கிற அந்த அமைதியான ஆறாம் நம்பரை மடக்குங்கள். ஆறாம் நம்பருக்கு கேலரியில் யாரும் கை தட்ட மாட்டார்கள், அதனால்தான் அவர் கண்ணில் படுவதில்லை.

ரெண்டு வாங்கியாச்சு... இப்போ?

எல்லாத் திட்டமும் போட்டு, பத்தாவது நிமிடத்திலேயே 0–2 என்று நின்றால்? பெரும்பாலான காலேஜ் டீம்கள் கலைவது இங்கேதான். ஒருத்தரை ஒருத்தர் திட்ட ஆரம்பித்து, மிச்ச நாலு கோலை வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்துவிடுவோம்.

சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம், 2023 ஆகஸ்ட் 12. ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல். மலேசியாவிடம் பாதி ஆட்டத்தில் 1–3. மூன்றாவது குவார்ட்டர் முடிகிற தறுவாயில் ஒரே நிமிடத்தில் இரண்டு கோல். 56-வது நிமிடம் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோலில் 4–3. ஸ்டேடியம் கிழிந்தது! டோக்கியோ வெண்கல மேட்ச்சும் 1–3-லிருந்துதான் ஜெர்மனியை 5–4 ஆனது. அதிலும் கடைசி ஏழு வினாடிக்குள் ஜெர்மனிக்கு ஒரு கார்னர், ஸ்ரீஜேஷ் தடுத்தார். முன்னால் சொன்ன ஜூனியர் உலகக்கோப்பையிலும், ஜெர்மனியிடம் 5–1 அடி வாங்கிய அதே பையன்கள் வெண்கலத்துக்கான மேட்ச்சில் அர்ஜென்டினாவிடம் 0–2 என்று கடைசி குவார்ட்டருக்குள் நுழைந்தார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் மட்டும் நாலு கோல். 4–2. அவர்களுடைய கோச் வேறு யாருமில்லை, அதே ஸ்ரீஜேஷ்!

நம்ம மண்ணுக்கு எது சரி?

மேலே சொன்னது எல்லாம் டர்ஃப் ஆட்டம். தண்ணீர் தெளித்த செயற்கை இழை மேல் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். நம்மில் பாதிப் பேர் பழகுவது கரிசலிலும் செம்மண்ணிலும். அங்கே பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே எகிறும் என்று பந்துக்கே தெரியாது. ஆகவே மேட்ச் எங்கே என்று முதலில் விசாரியுங்கள். மண் கிரவுண்ட் என்றால் கார்னரில் பந்தை நிறுத்துவதே அவர்களுக்குப் பெரும்பாடு. டிராக் ஃபிளிக் பூதத்துக்குப் பயந்து நடுங்க வேண்டாம், ஆனால் திரும்பி வருகிற பந்தைக் குத்திவிடக் காத்திருக்கும் ஆளைக் கவனியுங்கள். மாறாக நீங்கள் மண்ணில் மட்டுமே ஆடியவர்கள், மேட்ச் டர்ஃபில் என்றால், ஒரு மணி நேரமாவது முன்கூட்டிப் போய் அதன் மேல் ஓடிப் பழகுங்கள். டர்ஃபில் பாஸ் நீங்கள் நினைப்பதைவிட அரை நொடி முன்னாலேயே வந்து நிற்கும். அந்த அரை நொடியில்தான் காலில் பட்டு கார்னர் போகும்.

இன்னொரு சின்ன வேலை. டீமில் இடம் கிடைக்காத நண்பர் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அவர் கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். எதிரி எத்தனை தடவை சர்க்கிளுக்குள் வந்தார்கள், எந்தப் பக்கமாக வந்தார்கள், எத்தனை கார்னர், கார்னரில் யார் அடித்தார், எந்த மூலைக்கு. இவ்வளவு போதும். முதல் பாதி முடிந்து தண்ணீர் குடிக்கும்போது கோச் கத்துவதைவிட அந்த நோட்டின் ஒரு பக்கம் அதிகம் சொல்லும். கோவில்பட்டி கேலரியில் பெரியவர்கள் இதை நோட்டு இல்லாமலே விரல் விட்டு எண்ணுவார்கள் என்பது வேறு விஷயம்.

ஷூட் அவுட் லிஸ்ட்

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் கால் இறுதி. பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடமே அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. கார்னரில் முதலில் பாய்கிற ஆளே அவர்தான்! மிச்சம் 43 நிமிடம் பத்துப் பேரோடு ஆடி 1–1 என்று பிடித்து நிறுத்தினார்கள். சுவர் கட்சிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இந்த ஒரு மேட்ச் போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தச் சுவர் வேறு வழியில்லாமல் எழுப்பியது. அதற்குள்ளேயும் 22-வது நிமிடம், பத்துப் பேராக இருக்கும்போதுதான் இந்தியா கோல் போட்டது.

ஷூட் அவுட்டில் 4–2. அடித்த நாலு பேரும் தவறவிடவில்லை. ஹர்மன்ப்ரீத், சுக்ஜீத், லலித், ராஜ்குமார் பால். அந்தப் பதற்றத்தில் "யாருடா போறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

உங்கள் ஐந்து பேர் யார் என்று இன்று ராத்திரியே எழுதி வையுங்கள். 23 மீட்டர் கோட்டிலிருந்து கிளம்பி எட்டு வினாடிக்குள் கோல் கீப்பரைத் தாண்ட வேண்டும். எட்டு வினாடி என்பது நினைப்பதைவிட நீளம். அவசரப்பட்டு மூன்றாவது வினாடியில் அடித்துத் தொலைப்பவர்கள்தான் அதிகம். காலையில் வார்ம் அப் செய்யும்போது உங்கள் கோல் கீப்பருக்கு பேடு கட்டி நிறுத்துங்கள். ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு தடவை போகட்டும். அந்த நோட்டுக்காரரை ஓரத்தில் நிற்கவைத்து ஒன்று, ரெண்டு, மூணு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். ஆறு வரை காத்திருக்கும் தைரியம் யாருக்கு இருக்கிறதோ, அவரை முதலில் அனுப்புங்கள்.